மைக்கம்மாவின் தெத்துப்பல்

பேருந்து நிலையத்தில் அவளை நேரில் பார்த்தவர்கள் குறைவு. அவளிடம் திட்டு வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு. மாடி மூலையில், ஒரு நாற்காலியும் ஒரு மேசை விசிறியும் போட்டால் நிறைந்துவிடுகிற அறிவிப்பு அறை அவளுடையது. கண்ணாடிச் சன்னல் முழுக்கப் பழைய கால அட்டவணைத் தாள்களை ஒட்டி, தன் கண் மட்டத்துக்கு மட்டும் ஒரு கோடு இடம் விட்டு வைத்திருந்தாள். அதன் வழியாக எல்லா மேடைகளையும் அவள் பார்ப்பாள். கீழே இருக்கிற ஒருவருக்கும் அவள் தெரியமாட்டாள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று சொல்வதுதான் சம்பளத்துக்கான வேலை. திட்டுவது அவளாக இலவசமாகச் செய்தது.

"மூணாவது மேடையில வண்டியை நகர்த்திக்கிட்டே ஆள் ஏத்துற டிரைவரண்ணே, உங்களத்தான் சொல்றேன். ஏறுறது மனுசங்க, மூட்டை இல்ல. நிறுத்துங்க."

ஒலிபெருக்கியில் இது வந்தால் மூன்றாவது மேடை மட்டுமில்லை, எல்லா மேடையிலும் வண்டி நிற்கும். டிரைவர்கள்தான் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர் வைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் காதில் விழும்.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். வரும்தான், மறுக்கவில்லை. ஆனால் அது மூக்குக்குக் கீழே தொடங்கிய கோபம்.

சின்ன வயதில் அவளுக்கு மேல் வரிசையில் ஒரு தெத்துப்பல் இருந்தது. வலது பக்கம் இரண்டாவது பல், இடமில்லாத பேருந்தில் ஏறிய ஆள் மாதிரி, பக்கத்து முன்பல்லின் தோளில் சாய்ந்து நின்றது. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அவளுக்கு ஒரு அக்காவும் இருந்தாள். அக்காவுக்கு அச்சில் வார்த்த மாதிரி பல் வரிசை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவளை நடுவீட்டில் நிறுத்தி, "எங்கே, சிரி" என்று சொல்லி ரசிப்பார்கள். சிரித்து முடித்ததும் அக்கா தங்கையைக் கைகாட்டி, "தெத்து, நீயும் சிரியேன்" என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். பெற்றவர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். ஒரு குழந்தையைப் பொருட்காட்சி மாதிரி நிறுத்தி வைத்துச் சிரிக்கப் பெரியவர்களுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ, தெரியவில்லை.

அன்றைக்கு இறுக்கிய உதட்டை அவள் பிறகு தளர்த்தவே இல்லை. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பள்ளிக்கூடத்துப் படம், கல்யாணப் படம், அலுவலக அட்டையில் ஒட்டிய படம், எதிலும் ஒரு பல் கூடத் தெரியாது. யாரும் மூஞ்சியைப் பார்க்காத வேலை என்பதற்காகவே அறிவிப்பு வேலையைத் தேடிப் பிடித்தாள். அந்தக் கூண்டுக்குள் மட்டும்தான் அவள் வாய் தாராளமாகத் திறந்தது. வெளியே அடக்கியதெல்லாம் அங்கே ஒலிபெருக்கி வழியாக வந்தது.

ஐம்பதைத் தாண்டியதும் ஈறு வீங்க ஆரம்பித்தது. பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. வாயைக் காட்டுவதற்குக் கூச்சப்பட்டே மருத்துவரிடம் போகாமல் தள்ளிப் போட்டாள். முன்பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. கடைசியாக, ரொட்டித் துண்டைக் கடித்தபோது, தெத்துப்பல் கையோடு வந்தது. விட்டது சனியன் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கோ சந்தோஷம் வரவில்லை. ஏன் என்று புரியாத எரிச்சலில் அதைக் குப்பைத் தொட்டியில் வீசினாள்.

முன்வரிசையில் நான்கு பல் இல்லாமல் மைக்கில் பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். சகரம் வருகிற இடத்தில் எல்லாம் காற்றுப் போன டயர் சத்தம் வந்தது. கீழே பையன்கள் விசிலடித்தார்கள். நிலைய மேலாளர் அவளைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று தேனாகப் பேசிவிட்டு, பதிவு செய்த குரல் ஒன்றை ஓடவிட்டார். தேனில் குழைத்த குரல். அதற்குத் திட்டத் தெரியாது. டிரைவர்களுக்குக் கொண்டாட்டம். அந்த வாரமே நகர்ந்த வண்டியின் படியிலிருந்து ஒரு பெண் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். அவள் தரையில் உட்கார்ந்து அழுதபோது, பதிவுக் குரல் பயணம் இனிதாக அமையட்டும் என்று வாழ்த்திக்கொண்டிருந்தது. மைக்கம்மா நேராகப் பல் மருத்துவமனைக்குப் போனாள்.

மருத்துவர் சின்ன வயசுப் பெண். பயமுறுத்தாமல், மழுப்பாமல் எல்லா வழியையும் எடுத்துச் சொன்னாள். கழற்றி மாட்டுகிற பல்செட் வைக்கலாம். சீக்கிரம் முடியும், ஆனால் அண்ணத்தை மூடுகிற தகடு பேச்சில் இடறும். பக்கத்துப் பற்கள் இரண்டையும் ராவி, அவற்றின் மேல் பாலம் மாதிரி நான்கு பல்லையும் நிறுத்தலாம். ஆனால் தாங்க வேண்டிய பற்களே லேசாக ஆடுகின்றன. இல்லையென்றால் தாடை எலும்பில் திருகாணி மாதிரி இரண்டு உலோக வேரை இறக்கி, எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட பிறகு அதன் மேல் பல்லைக் கட்டலாம். முதலில் ஈறு நோயை ஒழிக்க வேண்டும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

"கழட்டி வெக்கிற வாயை வெச்சுக்கிட்டு நான் யார்கிட்டம்மா சண்டை போடுறது? திருகாணியே போடுங்க" என்றாள்.

பொறுமை என்பது அவளுக்குப் பழக்கமில்லாத சாமான். ஆனாலும் இருந்தாள். எலும்பு ஆறும்வரைக்கும் கொடுத்த தற்காலிகத் தகடு ஒரு தும்மலில் தேநீர்க் குவளைக்குள் குதித்தபோது கூட, பல்லைக் கடிக்கப் பல்லில்லாமல், பொறுத்துக்கொண்டாள்.

பல் கட்டுகிற நேரம் வந்தது. முதலில் பிளாஸ்டிக்கில் ஒரு வெள்ளோட்டப் பல்லைப் பொருத்துவோம், சில வாரம் போட்டுப் பார்த்து மாற்ற வேண்டியதைச் சொன்னால் அப்புறம் பீங்கானில் நிரந்தரமாகச் செய்துவிடலாம் என்றாள் மருத்துவர். பல் தெரிகிற மாதிரி பழைய படம் ஒன்று இருந்தால், அதே சாயலில் செய்யலாம் என்றும் கேட்டாள். அப்படி ஒரு படம் இந்த உலகத்திலேயே கிடையாது என்று மைக்கம்மா சொல்லிவிட்டாள். மருத்துவர், மைக்கம்மாவோடு வந்திருந்த அவள் கணவர் பக்கம் திரும்பி, வீட்டில் ஒரு தடவை தேடிப் பார்க்கச் சொன்னாள்.

கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். வெளிச்சத் திரைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக ஓட, அவர் உட்கார்ந்து பார்ப்பார். மயிரிழை விரிசல், கடுகளவு குமிழி, கழுத்தில் கோணல், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். மனைவி கத்தினால் செய்தித்தாளை விரித்து அதற்குள் போய்விடுவார். கத்தல் ஓய்ந்ததும் வெளியே வந்து, சாப்பிடலாமா என்பார்.

அந்தத் தங்கமான மனுஷன் அலமாரியைக் குடைந்து, வேலைக்குப் போகிற வழியில் மருத்துவமனையில் ஒரு படத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். கிடைத்தது, கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். அவள் எந்தப் படம் என்று கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. எப்போதோ தன்னை மறந்து தான் சிரித்திருக்கிறோம், அதை இந்த மனுஷன் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். அன்றைக்கு முழுக்க அவள் யாரையும் திட்டவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

வெள்ளோட்டப் பல் வாயில் ஏறியது. சகரம் திரும்பி வந்தது. மேலாளர் பதிவுக் குரலை நிறுத்தி, மைக்கை அவளிடமே கொடுத்தார். தேநீர்க் கடைக்காரர் பத்து வயசு குறைந்துவிட்டது என்றார். டிக்கெட் கவுண்டர் பெண்கள் சிரித்துக் காட்டச் சொல்லிச் சுற்றி நின்றார்கள். வலி இல்லை, உறுத்தல் இல்லை. ஆனால் அவளுக்குக் காரணமில்லாமல் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் முகம் கழுவிவிட்டு, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணாடியைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள்.

கண்ணாடியில் அக்கா சிரித்தாள். தெத்து, நீயும் சிரியேன் என்று கூப்பிடுவதற்கு முன்னால் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

ஈரக் கையோடு போய்க் கணவரின் செய்தித்தாளைப் பிடுங்கினாள். எந்தப் படத்தைக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்திருந்ததை அவர் அவசரப்படாமல் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். புகைப்பட நிலையத்தில் எடுத்த படம். தாவணி போட்ட இரண்டு பெண்கள். ஒருத்தி வாய் நிறையச் சிரிக்கிறாள். பக்கத்தில் ஒருத்தி உதட்டைத் தைத்தது போல நிற்கிறாள். ஜாடை ஒன்றுதான், இல்லையென்று சொல்லவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி நீ எப்படிச் சிரிச்சிருக்கே பாரு" என்றார், சிரிக்கிறவளைத் தொட்டுக் காட்டி.

"பக்கத்துல நிக்கிறது யாரு?"

"உங்க அக்கா."

அவள் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்து அவர் செய்தித்தாளைத் தேடினார். அவள் கத்தவில்லை.

"பாட்டில்ல மயிரிழை விரிசல் தெரியுது உங்களுக்கு. நான் தினம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டேன். என் பல்லு எப்படி இருந்துச்சு, சொல்லுங்க பாப்போம்."

அவர் யோசித்தார். "பல்லு மாதிரிதான் இருந்துச்சு. நான் அதையெல்லாம் பெருசா எடுத்துக்கிட்டதே இல்லையே."

இதைப் பெருந்தன்மை என்று நினைத்துச் சொன்னார், பாவி.

"அது பெருசா எடுத்துக்காதது இல்ல. நீங்க பாக்கவே இல்ல" என்றாள் அவள்.

மறுநாள் மருத்துவரிடம் போய், எனக்கு என் தெத்துப்பல் வேண்டும் என்றாள். மருத்துவர் முழித்தாள். கோணலை நேராக்கத்தான் ஊரெல்லாம் வருகிறது, நேராக இருப்பதைக் கோணலாக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை, இது எவ்வளவு அழகாக அமைந்திருக்கிறது என்று எடுத்துச் சொன்னாள். அழகுதான், ஆனால் வேறொருத்தியின் அழகு என்றாள் மைக்கம்மா. மருத்துவர் நல்ல பெண். அதற்கு மேல் வாதாடவில்லை. சரி, எந்த அளவுக்கு ஏறியிருந்தது, நுனி எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, பல் செய்கிறவருக்குத் துல்லியமாகச் சொல்ல வேண்டுமே என்றாள்.

மைக்கம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பல்லை ஒரு நாளும் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தவள் இல்லை அவள். நாக்குக்கு மட்டும் தெரியும், அங்கே ஒரு மேடு இருந்தது என்று. அந்தப் பல்லை நன்றாகப் பார்த்தவள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

அக்கா வீடு பக்கத்து ஊரில். நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வதோடு சரி. அப்போதும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச்சிருக்காது. கதவைத் திறந்த அக்காவின் கன்னங்கள் உள்ளே விழுந்து கிடந்தன. முத்து வரிசையெல்லாம் எப்போதோ போய்விட்டது. மேலும் கீழும் முழுப் பல்செட். அது கடிக்கிறது என்று வீட்டில் இருக்கும்போது கழற்றி, சமையலறை மேடையில் ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டு வைப்பாள். வாசலில் தங்கையைப் பார்த்து, வா என்றாள். தங்கை வாயைத் திறந்து பதில் சொன்னதும் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என் பல்லு. யாரைக் கேட்டுடி வெச்சே?"

"என் புருசனைக் கேளு."

உள்ளே போய் உட்கார்ந்து, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். அக்கா கதையைக் காதில் வாங்கிக்கொண்டாளா என்பதே சந்தேகம். தங்கையின் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, கெஞ்சுகிற குரலில் கேட்டாள்.

"எங்கே, ஒரு தடவை சிரி."

இத்தனை வருஷம் கழித்து, மறுபடியும் நடுவீட்டில் உட்கார வைத்துச் சிரிக்கச் சொல்கிறாள். மைக்கம்மாவுக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

"நான் உனக்குக் கண்ணாடி இல்லக்கா. என் பல்லு எப்படி இருந்துச்சுன்னு கேக்க வந்தேன். சொல்லு, போயிடுறேன்."

"இதையே வெச்சுக்கயேன்டி. எங்கிட்டதான் இல்ல. உங்கிட்டயாவது இருக்கட்டும். நான் வந்து எப்பவாவது பாத்துட்டுப் போவேன்."

"எனக்கு வேணாம்."

அக்கா எழுந்து போய்க் கிண்ணத்திலிருந்து மேல் செட்டை எடுத்துத் துடைத்தாள். இழுப்பறையில் கிடந்த மெழுகுவத்தியைக் கிள்ளி, விரலால் உருட்டிச் சூடாக்கி, செட்டின் இரண்டாவது பல்லின் மேல் அப்பினாள். நகத்தால் வழித்தாள், திருத்தினாள், தள்ளி வைத்துப் பார்த்தாள், மறுபடியும் திருத்தினாள். ஒரு இடத்தில் கூடத் தயங்கவில்லை.

"இந்த அளவுக்கு ஏறி இருக்கும். நுனி உள்பக்கமா திரும்பியிருக்கும். நீ சிரிச்சா மேல் உதடு இதுல மாட்டிக்கும். மத்த பக்கமெல்லாம் இறங்கின அப்புறம் அந்த இடம் மட்டும் மெதுவா இறங்கும். அதைப் பாக்கத்தான் உன்னைச் சிரிக்கச் சொல்லுவேன்."

"கிண்டல் பண்ணத்தான் சொன்னே."

"கிண்டலும்தான்" என்றாள் அக்கா.

மெழுகு ஒட்டிய செட்டை மைக்கம்மா கையில் வாங்கினாள். நாக்குக்குத் தெரிந்த மேடு அது. சிரித்துச் சிரித்துத் தன்னை உதட்டைத் தைக்க வைத்தவள் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறாள். ஒரு சொல் கூடப் புண்படுத்தாதவர் எதையுமே பார்க்கவில்லை. இதில் யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டு பேர் மேலும் பட்டாள். கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அக்கா வாசல் வரைக்கும் வந்தாள். "இதைக் கழட்டினா எங்கடி போடுவாங்க?"

"குப்பையில" என்றாள் தங்கை. திரும்பிப் பார்க்காமல் பேருந்து ஏறினாள்.

பீங்கான் பல் வந்த அன்றைக்கு மருத்துவர் வெள்ளோட்டப் பல்லைக் கழற்றித் தட்டில் வைத்தாள். மைக்கம்மா அதைத் தூக்கிப் போடவிடவில்லை. ஒரு சின்ன டப்பாவில் போட்டு வாங்கி, பக்கத்து ஊர் வண்டியின் டிரைவரிடம் கொடுத்து, இன்ன வீட்டில் சேர்த்துவிடச் சொன்னாள். உள்ளே என்ன என்று அவர் கேட்டதற்கு, ஓட்டுகிற வேலையைப் பார்க்கச் சொன்னாள். அக்காவுக்கு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. சொல்லியிருந்தால் திட்டித்தான் சொல்லியிருப்பாள்.

மறுநாள் காலையில் அறிவிப்பு அறைச் சன்னலில் ஒட்டியிருந்த தாள்களை நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். கீழே நின்றவர்கள் முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தார்கள். என்ன வேடிக்கை, வண்டியை எடுங்க என்று மைக்கில் கேட்டது.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கூடக் கழற்றாமல் கணவர் முன்னால் போய் நின்றாள். செய்தித்தாளை மடித்து நாற்காலிக்கு அடியில் போட்டாள். கூடத்து விளக்கைப் போட்டாள்.

"பாருங்க" என்றாள். உதட்டை விரித்தாள். அக்கா சொன்னது சரி. மேல் உதடு தெத்துப்பல்லில் மாட்டி நின்றது.

அவர் பார்த்தார். இந்தத் தடவை நிஜமாகவே பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்கு வாகாகத் தலையைச் சாய்த்து, வேலையில் பார்க்கிற மாதிரி இடமிருந்து வலமாக ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கண் ஒரு இடத்தில் போய் நின்றது. முகத்தில் கவலை தெரிந்தது.

"இந்த ஒண்ணு லேசா ஏறியிருக்கே. டாக்டர்கிட்ட சொன்னா சரி பண்ணிக் குடுத்துடுவாங்க" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபமும் அதே வேகத்தில் வந்தது. எது எது என்று பிரிக்க முடியவில்லை. கை பழக்கத்தில் வாயை நோக்கி எழும்பியது. பாதியில் அதை இறக்கிக்கொண்டாள். தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி, வாயைப் பிளந்து சிரித்தாள். அவர் அரண்டுபோய் நாற்காலிக்கு அடியில் செய்தித்தாளைத் துழாவினார். அவள் செருப்புக் காலால் அதை எட்டித் தள்ளினாள்.

"இந்தப் பல்லு இங்கதான் இருக்கும். நல்லாப் பாத்துக்குங்க. நாளைக்கும் கேப்பேன்."